மருத்துவர் பதில்: கண்ணை மூடினால் ஏன் தள்ளாடுகிறேன்?

கண்ணை மூடினால் தள்ளாடுவது ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நீங்கள் வரிசைப்படுத்தியிருக்கும் எட்டுத் தொல்லைகளில் ஐந்தை இப்போதே ஒதுக்கிவிடலாம். கழுத்தைத் திருப்பும்போது கேட்கும் சொடக்குச் சத்தம் மட்டும் ஒருவருடைய நடையைக் கெடுக்காது. எப்போதோ ஒருமுறை காதில் வந்துபோகும் இரைச்சலும், மழைநாளில் வலிக்கும் முழங்காலும், அதிகாலையில் கலையும் தூக்கமும் இந்தக் கணக்கில் சேராதவை. ஸ்கேன் அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று எழுதியிருப்பதைக் கண்டு நீங்கள் நடுங்கியிருக்கிறீர்கள். 64 வயதில் எடுக்கும் படத்தில் அந்த வரி இருப்பது, தலையில் நரை இருப்பதைப் போன்றதுதான்.

பார்க்கின்சன் நோயோ என்ற சந்தேகத்தில் இரவு முழுவதும் காணொளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். பேனா பிடித்து எழுதும்போது விரலில் தெரியும் மெல்லிய நடுக்கம் அந்த நோயின் அடையாளமன்று. அதில் வரும் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில், அதுவும் கை சும்மா மடியில் கிடக்கும்போது தொடங்கும். ஆனால் தலைசுற்றலுக்கென்று நீங்களாகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மூன்று மாதமாக விழுங்கிவரும் சின்னரிசின் மாத்திரை, நீண்ட நாள் தொடர்ந்தால், பார்க்கின்சன் நோயைப் போன்ற இறுக்கத்தையும் நடுக்கத்தையும் தானே உண்டாக்கக்கூடியது. இல்லாத நோய்க்குப் பயந்துகொண்டு, அதைப் போன்ற ஒன்றை வரவழைக்கும் மருந்தைச் சாப்பிடுவதை என்னவென்று சொல்வது? உங்களுக்கு இருப்பது தலைசுற்றலே இல்லை. "அறை சுழலவில்லை, கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையை எப்படி நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

என்னை நிறுத்திப் படிக்கவைத்தவை, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள். முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக் குனிந்தபோது அப்படியே முன்னால் சாய்ந்து நெற்றி குழாயில் இடித்தது ஒன்று. வலது காலிலிருந்து செருப்பு கழன்று நாலைந்து அடி பின்னால் கிடந்தும், மகள் சொல்லும் வரை உங்களுக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அந்த இடம் உங்கள் பாதம்.

உடல் நிமிர்ந்து நிற்பதற்கு மூளைக்கு மூன்று வழிகளில் தகவல் வரவேண்டும்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். பாதத்திலிருந்து வரும் தகவல் மங்கிவிட்டால் மனிதர் பெரும்பாலும் கண்ணை நம்பியே நிற்கப் பழகிவிடுகிறார். பகலில் குறை வெளியே தெரியாது. இருட்டிலும், கண்ணை மூடும்போதும்தான் தள்ளாட்டம் வெளிப்படும். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் வாழ்ந்த மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் விவரித்த இந்த அடையாளத்தை, கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி இன்றும் நாங்கள் சோதிக்கிறோம். நீங்கள் அந்தச் சோதனையைத் தெரியாமலே கைகழுவும் தொட்டியின் முன்னால் செய்து பார்த்துவிட்டீர்கள்.

பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருவதாகச் சொல்கிறீர்கள். சர்க்கரையே பாதத்து நரம்புகளை மெல்லப் பாதிக்கும். மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து, நரம்புகளோடு தண்டுவடமும் பாதிக்கப்படலாம். இரண்டாவது காரணம் காலத்தோடு கண்டறிந்தால் மருந்துக்குக் கட்டுப்படும், தாமதித்தால் நிலைத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் பி12 குறைவு இருக்காது என்று எண்ண வேண்டாம். தெரிந்தவர் சொன்னார் என்று 'நரம்புச் சத்து' மாத்திரையும் தொடங்கிவிடாதீர்கள்: பரிசோதனைக்கு முன்னால் அதை விழுங்கினால் முடிவு குழம்பும், அவற்றில் சிலவற்றில் சேர்ந்திருக்கும் பி6 அளவு மீறினால் அதுவே பாத நரம்புகளைக் கெடுக்கும். மெட்ஃபார்மினையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மருத்துவர் உங்கள் பாதத்தை வெறுங்காலாகப் பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டும், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டும், சில நிமிடங்களிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இரத்தத்தில் பி12 அளவையும், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் தடுமாற்றத்துக்கு அதுவும் ஒரு பங்காளி. இதற்கிடையில் கால்கள் விறைக்கத் தொடங்கினாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் மறுத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பேச்சுக் குழறலோடோ முகக் கோணலோடோ திடீரென்று வரும் தள்ளாட்டத்துக்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இனி, நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விழுந்து, படுத்த படுக்கையாகி, மகளின் கையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடுமோ என்பதுதான் அந்த எட்டுத் தொல்லைகளுக்கும் அடியில் இருக்கும் பயம். அந்தப் பயத்தால் இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் நாற்காலியிலேயே இருக்கிறீர்கள். நீங்கள் பயப்படும் நிலைக்குக் கொண்டுபோய்விடும் வழி அதுதான். பயன்படுத்தாத தொடைத் தசை வாரக்கணக்கிலேயே மெலியும். தடுமாறும்போது ஓரடி எடுத்துவைத்துச் சமாளிக்கும் பழக்கமும் மங்கிவிடும்.

நரம்பில் குறை இருந்தாலும் உடல் சமநிலையைப் பயிற்சியால் வளர்க்கலாம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டத்தில், காலுக்கு வலுவூட்டும் பயிற்சிகளோடு சமநிலைப் பயிற்சிகளும் நடையும் சேர்ந்திருக்கும். 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் அதைச் செயல்படுத்தியபோது விழுவது குறைந்ததாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்கு வயது 64தான்.

இதற்கு இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் வேண்டும். அவர் முதலில் உங்களை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரம் பார்ப்பார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்வார். பயிற்சி பெரும்பாலும் சுவர் மூலையில் தொடங்கும்: முதுகுப் பக்கம் மூலை, முன்னால் கனமான நாற்காலியின் முதுகு. பாதங்களைச் சேர்த்து நிற்பது முதல் படி. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் பெருவிரலுக்குப் பக்கத்தில் இருக்குமாறு நிற்பது அடுத்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, குதிகாலும் விரலும் தொட்டுக்கொள்ள நிற்பது. ஒவ்வொரு நிலையிலும் 10 விநாடி அசையாமல் நின்ற பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். கைகளை முழுதாக ஊன்றுவதிலிருந்து ஒரு விரல்நுனிக்குக் குறைப்பதும் முன்னேற்றம்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கொஞ்சமும் ஆடாமல் செய்ய முடிகிற பயிற்சி உங்களுக்குப் பயன் தராது; கணுக்கால் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டு நிற்பதுதான் பயிற்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டோ பஞ்சு மெத்தையின் மேல் ஏறியோ நிற்பதை, சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாதபோது ஒருநாளும் செய்யாதீர்கள். காணொளியில் இருப்பவருக்கு உங்கள் பாதம் தெரியாது. இதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும், குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்து, எல்லாமாக வாரத்துக்கு 3 மணி நேரம் வருமாறு பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத்தில் எதுவும் மாறாததுபோலத் தோன்றும்; அதில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

இன்றிரவிலிருந்தே படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். முகம் கழுவும்போது ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது உட்கார்ந்து கழுவுங்கள். பின்பட்டை இல்லாத செருப்பை விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கழன்றுபோன அந்தச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை இயன்முறை மருத்துவர் பார்க்க விரும்புவார்.