உப்பிட்டவரிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். லெஸ்டர் சிட்டி கால்பந்துக் கிளப்பின் சீசன் டிக்கெட், எனக்கொன்றும் என் மகனுக்கொன்றும் வைத்திருக்கிறோம். 2016இல் அணி இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கை வென்றபோது அவனுக்கு ஒன்பது வயது. வெற்றி ஊர்வலத்தை என் தோளில் உட்கார்ந்துதான் பார்த்தான். 2018இல் கிளப் உரிமையாளர் விச்சாய் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது இருவரும் மைதான வாசலில் பூ வைத்துவிட்டு வந்தோம். 2025 ஏப்ரலில் அணி மறுபடியும் கீழ் லீக்குக்கு இறங்கியது. விச்சாயின் குடும்பத்தை எதிர்த்து ரசிகர்கள் நடத்திய போராட்டத்தில் என் மகனும் அட்டை பிடித்து நின்றான். எனக்குத் தாங்கவில்லை. “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், நீ நன்றி கெட்டவன்” என்று சொல்லிவிட்டேன். “நீங்கள் கிளப்பை நேசிக்கவில்லை அப்பா, இறந்துபோன ஒருவரை நேசிக்கிறீர்கள். இவர்கள் யாருக்காவது விற்றுவிட்டுப் போகட்டும்” என்றான். அதன்பின் அவன் என்னோடு மைதானத்துக்கு வரவில்லை. வீட்டிலும் பேச்சில்லை. விச்சாயின் மகன் கிளப்பை நன்றாகத்தானே நடத்துகிறார்? எங்களில் யார் சொல்வது சரி? அவனுடைய டிக்கெட்டையும் சேர்த்துப் புதுப்பிக்கட்டுமா?
— பெயர் வேண்டாம், லெஸ்டர்

பதில்:

அன்புள்ள ஐயா,

கிளப் நடத்தப்படும் விதத்தைப் பற்றி உங்கள் மகன் சொல்வது சரி. அந்தக் குடும்பத்துக்கு உங்கள் ஊர் பட்டிருக்கும் நன்றிக்கடனைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரி. தவறு, நீங்கள் அவனைச் சொன்ன அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் நன்றியை யாரும் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். 2002இல் அந்தக் கிளப் எந்த நிலையில் இருந்தது என்பது ஊரில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். புது மைதானம் கட்டிய கையோடு பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, கடனில் மூழ்கி, கடனை அடைக்க முடியாத நிறுவனங்களுக்கு நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கையில் போய் விழுந்தது. அந்த ஊர்க்காரரும் இங்கிலாந்து அணியின் முன்னாள் வீரருமான கேரி லினேக்கர் முன்னின்று ஆள் சேர்த்துப் பணம் திரட்டிக் காப்பாற்றினார். மைதானமே கிளப்புக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தது. அப்படிப்பட்ட கிளப்பைத்தான் 2010இல் தாய்லாந்தின் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா தலைமையிலான குழு 3.9 கோடி பவுண்டுக்கு வாங்கியது. (ஸ்ரீ, வர்த்தனம், பிரபை என்று நம் காதுக்கு உறவாக ஒலிக்கும் அந்தக் குடும்பப் பெயரைத் தாய்லாந்து மன்னர் 2012இல்தான் அவர்களுக்கு வழங்கினார்.) அவர் கிளப்புக்குக் கொடுத்திருந்த 10.3 கோடி பவுண்டுக் கடனை 2013இல் பங்காக மாற்றினார், திருப்பிக் கேட்கவில்லை. அதே ஆண்டில் மைதானத்தையும் மீட்டார். 2014இல் அணி மீண்டும் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அடுத்த ஆண்டு கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பியது. அதற்கும் அடுத்த ஆண்டுதான் சூதாட்டக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை வைத்திருந்த அணி பத்துப் புள்ளிகள் முன்னிலையில் பட்டம் வென்றது. 2016 மே 2 அன்று செல்சியும் டோட்டன்ஹாமும் 2-2 என்று சமன் செய்தபோது எங்களுக்கு இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல். நானும் விழித்திருந்தேன். லெஸ்டரை வரைபடத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணில் நீர் வந்தது.

பணத்தோடு நின்றிருந்தால் அவரை ஊர் இவ்வளவு நேசித்திருக்காது. குழந்தைகள் மருத்துவமனைக்காக 20 லட்சம் பவுண்டு தந்தார். தன் அறுபதாம் பிறந்தநாளுக்கு அறுபது ரசிகர்களுக்கு இலவச சீசன் டிக்கெட் தந்தார். தாய்லாந்திலிருந்து புத்த பிக்குகளை வரவழைத்து வீரர்களுக்கு நீர் தெளிக்க வைத்தார். 2018 அக்டோபர் 27 இரவு, வெஸ்ட் ஹாமுடனான ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் வாசலுக்கு அப்பால் விழுந்து அவரோடு இன்னும் நால்வரும் இறந்தார்கள். அவரை நினைத்து நீங்கள் இன்றும் கலங்குகிறீர்கள் என்றால் அது நியாயமான கலக்கம்.

ஆனால் ஐயா, அதே விச்சாய் அணியின் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். லெஸ்டரின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றில் எவரும் தராத பட்டத்தைத் தந்தவர் ரனியேரி. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், அணி கீழே இறங்கும் அபாயத்தில் இருந்தபோது அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். உலகமே திட்டியது. ஆனால் அணி தேறிப் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரையும் போனது. நன்றி ஒரு பக்கம், கிளப்பின் நலம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க உங்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தவரே விச்சாய்தான். ரனியேரியை அளந்த கோலால் தன் குடும்பத்தை அளக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருப்பாரா? உங்கள் மகன் பிடித்த கோல் அதுதான்.

இனி விச்சாயின் மகன் ஐயாவத்தின் கணக்கு. ஊர் ‘டாப்’ என்று அழைக்கும் அந்த மகனுக்குத் தந்தை இறந்தபோது வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் அவர் நன்றாகவே நடத்தினார். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐந்தாம் இடம். சீக்ரேவில் ஏறத்தாழ 10 கோடி பவுண்டுச் செலவில் பயிற்சி மையம். 2021 மே மாதம் வெம்பிளியில் யூரி டீலமான்ஸ் தொலைவிலிருந்து அடித்த அந்தக் கோலால் கிளப்பின் முதல் எஃப்.ஏ. கோப்பை. ஆட்டம் முடிந்து வீரர்கள் டாப்பைக் களத்துக்குள் இழுத்து வந்து கட்டிக்கொண்டார்கள். எந்தக் கிளப்பில் உரிமையாளரை வீரர்கள் அப்படி நேசிப்பார்கள்?

அந்தக் கோலை அடித்தவர் இரண்டே ஆண்டுகளில் ஒப்பந்தம் முடிந்து கிளப்புக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்காமல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். தடுப்பாட்டக்காரர் சோயுஞ்சுவும் அப்படியே. நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் அடுத்தவரைத் தேடி எடுப்பதுதான் லெஸ்டரின் பிழைப்பாக இருந்தது. கான்டே என்ற வீரரை 2016இல் 3.2 கோடி பவுண்டுக்கும், மக்வாயர் என்ற வீரரை 2019இல் 8 கோடிக்கும் விற்ற கிளப் அது. அந்தப் பழக்கம் தளர்ந்தது. சம்பளம் மட்டும் பெரிய கிளப்புகளின் அளவுக்கு ஏறியது. 2022-23 பருவத்தில் வருமானம் சுமார் 17.7 கோடி பவுண்டு. சம்பளச் செலவு சுமார் 20.6 கோடி. வரவுக்கு மேல் சம்பளமே போனால் எந்த வீடு நிற்கும்? 2022 கோடையில் மற்ற அணிகள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது லெஸ்டர் ஒரு மாற்றுக் கோல்காப்பாளரை மட்டும் எடுத்துவிட்டு, சந்தை மூடும் நாள் வரை கையைப் பிசைந்து நின்றது. 2023இல் கீழே இறங்கியது. 2024இல் ஏறியது. ஏற்றிவிட்ட பயிற்சியாளர் மரெஸ்கா செல்சிக்குப் போக, ஸ்டீவ் கூப்பரை எடுத்து நவம்பரிலேயே நீக்கி, வான் நிஸ்டல்ரோயை எடுத்து, சொந்த மைதானத்தில் ஒன்பது லீக் ஆட்டங்கள் ஒரு கோலும் அடிக்காமல் தொடர்ந்து தோற்று, 2025இல் மறுபடியும் இறங்கியது. அந்த ஒன்பது ஆட்டங்களில் எத்தனைக்கு உங்கள் மகன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் டாப்பின் கையில் இல்லாததும் உண்டு. குடும்பத்தின் செல்வம் தாய்லாந்து விமான நிலையங்களின் தீர்வையற்ற கடைகளில் இருந்து வருகிறது. அந்த நாட்டுக்கு 2019இல் ஏறக்குறைய நான்கு கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். கொரோனா வந்த 2020இல் 67 லட்சம் பேர்தான் வந்தார்கள். அந்த இழப்புக்குப் பிறகும் அவர் கிளப்பைக் கைவிடவில்லை. 2023இல் சுமார் 19.4 கோடி பவுண்டுக் கடனைத் தள்ளிப் பங்காக மாற்றினார். மான்செஸ்டர் யுனைடெட்டை 2005இல் வாங்கிய கிளேசர் குடும்பம், வாங்குவதற்குப் பட்ட கடனைப் பெருமளவு அந்தக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. டாப் அந்த வகை உரிமையாளர் அல்ல. எடுத்துக்கொண்டு போகிறவர் அல்ல, கொடுத்துக் கெடுத்துக்கொண்டிருப்பவர். பணத்தைத் தவறான இடத்தில் போட்டார். போடச் சொன்னவர்களை மாற்றவும் இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நல்ல மனிதர், 2021க்குப் பிறகு கிளப்பை மோசமாக நடத்துகிறார்.

உங்கள் மகனிடம் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. “யாருக்காவது விற்றுவிட்டுப் போகட்டும்” என்றானே, அந்த ‘யாருக்காவது’ என்ற சொல் என்னைப் பயமுறுத்துகிறது. போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப். அடுத்த இரண்டே ஆண்டுகளில் உரிமையாளர் மாற்றி உரிமையாளர் வந்து, 2010 பிப்ரவரியில் நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2013இல் நான்காம் நிலை லீக் வரை விழுந்தபோது ரசிகர்களே பணம் போட்டு அதை வாங்கினார்கள். பரி கிளப்பின் கதை இன்னும் கொடியது. 1885இல் தொடங்கியது; 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது; 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அதன் மைதான வாசலில் வயதானவர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ‘யாருக்காவது’ என்று வாயில் வராது. ரசிகர்கள் கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்: வீரர்களை எடுக்கும் பொறுப்பு யாருடையது, 2014இலிருந்து பத்தாண்டுக்கு மேல் கால்பந்து இயக்குநர் பதவியில் ஒரே ஆள் நீடித்தது ஏன், சம்பளத்துக்கு இனி என்ன வரம்பு, ரசிகர்கள் முன் உட்கார்ந்து டாப் எப்போது பேசுவார்? இங்கிலாந்தில் 2025இல் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. உரிமையாளர்களைச் சோதிக்கவும் ரசிகர்களைக் கலந்து பேச வைக்கவும் தனி அமைப்பு இருக்கிறது. உங்கள் மகன் அட்டை பிடிக்கட்டும். அட்டையில் எழுதுவதற்கு முன் இவற்றையும் படிக்கட்டும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பதினொரு வயதில் உங்களோடு வந்து பூ வைத்தவன் அவன். ஒன்பது வயதில் தோளில் இருந்து அந்த ஊர்வலத்தைப் பார்த்தவன். லெஸ்டர் என்றால் எப்போதும் வெல்லும் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை அது. உங்களுக்கு 2016 எதிர்பாராமல் வந்த வரம். அவனுக்கு அது குழந்தைப்பருவம். அது கண்முன்னே கரைவதைப் பார்த்துத்தான் தெருவில் இறங்கினான். அக்கறையற்றவர்கள் போராட வரமாட்டார்கள், டிக்கெட்டை விட்டுவிட்டு வேறு பொழுதுபோக்கைத் தேடிப் போய்விடுவார்கள். அவனை நீங்கள் ‘நன்றி கெட்டவன்’ என்றபோது டாப்பைப் பற்றி மட்டும் சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். வேறு நாட்டில் பிள்ளை வளர்க்கும் அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால், ‘உனக்காக நான் பட்டதையெல்லாம் மறந்துவிட்டாய்’ என்றுதான் அவன் காதில் விழும். நீங்கள் அப்படி நினைத்துச் சொன்னீர்களா என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடிதத்தைப் படித்தபோது, கொஞ்சம் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

உங்களை அவன் சொன்னதும் கடுமையானதுதான். அதை அவன் திரும்பப் பெறும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் பேச வேண்டியவர் நீங்கள், வயதில் மூத்தவர் என்பதால்.

அவன் டிக்கெட்டை அவனைக் கேட்காமல் புதுப்பிக்க வேண்டாம். பதினெட்டு வயதுப் பிள்ளை. போக மாட்டேன் என்று முடிவெடுத்தால் அந்த உரிமை அவனுக்கு உண்டு. அவன் வேண்டாம் என்றால், நீங்கள் மட்டும் போங்கள், கோபமில்லாமல் போங்கள், வந்து ஆட்டம் எப்படி இருந்தது என்று அவனிடம் சொல்லுங்கள். நிச்சயம் கேட்பான். அதற்கு முன், இந்த வாரமே ஒரு மாலையில் அவனை மைதானத்துக்கு வெளியே விச்சாய் சிலை இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். ஆட்டமில்லாத நாளாக இருக்கட்டும். “அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது” என்று அங்கே நின்று சொல்லுங்கள். பிறகு அவன் அட்டையில் என்ன எழுதியிருந்தான் என்று கேளுங்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன். அது மட்டும் அதில் இல்லை.