மேப்பிள் இலை குவில்ட்: கேட்டதுக்கெல்லாம் பதில்

போன வாரம் நான் தைச்ச இலை குவில்ட் (துண்டுத் துணியைச் சேத்து, நடுவுல பஞ்சு ஷீட் வச்சுத் தைக்கற போர்வை) போட்டோவைப் போட்டேன், அப்போலேருந்து ஒரே கேள்வி மழை, தனித்தனியா டைப் பண்ண முடியல, அதான் எல்லாத்தையும் இங்கயே சேத்துட்டேன். இது அமெரிக்காவுல காலங்காலமா தைக்கற மேப்பிள் இலை டிசைன், என் சொந்தச் சரக்கு இல்ல. நான் ஒஹாயோவுல இருக்கேன், பழைய குவில்ட் எங்க கண்ணுல பட்டாலும் புரட்டிப் பாத்துடுவேன்.

அக்கா, இலையை வரைஞ்சு வெட்டணுமா? எனக்கு சுத்தமா வரைய வராது.

வரையவே வேணாம்மா. மூணுக்கு மூணு, ஒம்பது கட்டம், அவ்ளோதான், இந்த ஒம்பதும் சேர்ந்து ஒரு இலை, அதைத்தான் பிளாக்னு சொல்றது. இடது கீழ் மூலையில காம்பு. நடுக் கட்டம், காம்புக்கு மேல உள்ளது, காம்புக்குப் பக்கத்துல உள்ளது, இந்த மூணும் முழு இலைத்துணி. காம்புக்கு நேர் எதிர் மூலை வெறும் பின்னணித் துணி. மிச்சம் நாலு கட்டம் பாதி இலை பாதி பின்னணி, அந்த முக்கோணம்தான் இலையோட பல்லு மாதிரி தெரியுது. தைக்கறதுக்கு முன்னாடி ஒம்பதையும் டேபிள்ல அடுக்கிப் பாத்துடு, ஒரு முக்கோணம் திரும்பினாலும் இலை நண்டு மாதிரி ஆயிடும்.

அளவு சொல்லுங்க மேடம், பெட்ல போடற சைஸ்.

தைச்சு முடிச்ச பிளாக் 12 இன்ச், அகலத்துல 5 நீளத்துல 6, மொத்தம் 30 பிளாக், 60க்கு 72 இன்ச் வரும், ஒத்தைக் கட்டிலுக்குப் போதும். ஒரு பிளாக்குக்கு 4½ இன்ச் சதுரம் இலைத்துணில 3, பின்னணில 1. பாதிக்குப் பாதி கட்டத்துக்கு 5 இன்ச் சதுரம் ரெண்டு துணிலயும் ரெண்டு ரெண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ள வர மாதிரி ஜோடி சேத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைச்சு, கோட்டு மேலயே வெட்டுங்க, ஒரு ஜோடிக்கு ரெண்டு கிடைக்கும், அதை 4½க்கு ட்ரிம் பண்ணிக்கலாம். காம்புக்கு 5 இன்ச் பின்னணிச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி நடுவுல 1¼ இன்ச் பட்டை வச்சுத் தைச்சு அதையும் 4½க்கு ட்ரிம். 44 இன்ச் பன்னாவுல (துணியோட அகலம்) பின்னணி 2¼ மீட்டர், அடித்துணி 3¾ மீட்டர், ஓரப்பட்டைக்கு அரை மீட்டர் வாங்கிக்கோங்க.

என் பிளாக் ஒண்ணு 12, ஒண்ணு 11¾ வருது, ஏன்?

தையலுக்குன்னு விடற ஓரம்தான் காரணம் தம்பி. கால் இன்ச்சுக்குப் பதிலா ஒரு நூல் அளவு, 1/16 இன்ச் கூடப் போச்சுன்னு வை, ஒரு பிளாக்ல ரெண்டு தையல், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு துணி, ஆக மொத்தம் கால் இன்ச் காலி, அஞ்சு பிளாக்குக்கு 1¼ இன்ச். மெஷின் பாதத்தை நம்பாதே, ஸ்கேல் வச்சு அளந்து பிளேட்ல டேப் ஒட்டிக்கோ. இன்னொண்ணு, அயர்ன் பாக்ஸை இழுக்காதே, தூக்கித் தூக்கி வை, முக்கோணத்தோட சாய்வு ஓரம் இழுத்தா அப்படியே நீண்டுடும்.

பழைய லுக் வரணும்னா என்ன கலர்?

எனக்குப் பிடிச்ச கேள்வி. பழைய குவில்ட்ல இலை மட்டும் வெளுத்த காக்கி கலர்ல இருந்தா, அது ஆரம்பத்துல பச்சையா இருந்திருக்க நல்ல சான்ஸ் உண்டு, 19ஆம் நூற்றாண்டுக் கடைசில வந்த செயற்கைப் பச்சைச் சாயம் நிறைய அப்படித்தான் மங்கிப் போச்சு. அதுக்கு முந்தின காலத்துல நீலத்து மேல மஞ்சள் ஏத்திப் பச்சை பண்ணாங்க, மஞ்சள் போயிட்டா இலை நீலமா நிக்கும். டார்க் பிரவுன் கதை இன்னும் மோசம், சாயத்துல இரும்பு கலந்திருந்ததால துணியையே அரிச்சிடும், பின்னணி முழுசா இருக்க இலை மட்டும் பொடிப்பொடியா உதிர்ந்த ஒண்ணை நானே கையில பிடிச்சிருக்கேன். 1930கள் லுக் வேணும்னா சின்னச் சின்னப் பூ பிரிண்ட், அப்போ கோழித்தீவனமும் மாவும் வந்த பிரிண்ட் போட்ட காட்டன் மூட்டையைப் பிரிச்சே தைச்சாங்க. அதனால ஒரே செட்டா வாங்காதீங்க, கட் பீஸ்லேருந்து முப்பது இலைக்கு முப்பது துணி போடுங்க. கடையில பழசு மாதிரி டீ கலர் ஏத்தி விக்கறதை நான் வாங்கவே மாட்டேன். ஒரிஜினல் பாக்கணும்னா நெப்ராஸ்கா லிங்கன்ல இருக்கற இன்டர்நேஷனல் குவில்ட் மியூசியம் கலெக்ஷனை ஆன்லைன்லயே பாக்கலாம்.

நான் ஈரோடு. நடுவுல வைக்கற பஞ்சு ஷீட் இங்க கிடைக்கல, பாலியஸ்டர்தான் இருக்கு.

பாலியஸ்டர் உப்பிக்கிட்டு நிக்கும், பழைய லுக் வராது. நைஞ்ச காட்டன் போர்வை இருந்தா அதையே உள்ள வைங்க, இங்க அமெரிக்காவுலயும் பழைய போர்வையை உள்ள வச்சுத் தைச்ச குவில்ட் உண்டு. பின்னணிக்கு உங்க ஊர் காடாத் துணியே அருமை, ஆனா அதைக் கண்டிப்பா அலசிட்டு வெட்டுங்க, நல்லா சுருங்கும்.

பழைய குவில்ட் மாதிரி சுருக்கம் சுருக்கமா வர்றது எப்படி?

காட்டன் பஞ்சு ஷீட்டை அலசாம வச்சு, நெருக்கமா ஓட்டுத் தையல் போட்டு, முடிச்சப்புறம் முழுசா ஒரு தடவை துவைங்க. உள்ள இருக்கறது 3லேருந்து 5 சதவீதம் சுருங்கும், மேல்துணி அதோட சேர்ந்து சுருட்டிக்கும். ஆனா சிவப்பு இருந்தா முதல்லயே ஈர வெள்ளைத் துணியால தேச்சுப் பாத்துடுங்க. என் முதல் குவில்ட்ல அதைச் செய்யாம மெஷின்ல போட்டேன், வெளிய எடுத்தா பின்னணி பூரா ரோஸ் மில்க்.

வேணும்னே ஒரு தப்பு வைக்கணுமாமே, கடவுள் மட்டும்தான் பர்ஃபெக்ட்னு?

ஆமிஷ்காரங்க (அமெரிக்காவுல பழைய முறையில எளிமையா வாழற கிறிஸ்தவ சமூகம்) பேர்ல சுத்தற கதை சார் அது, அந்தக் காலத்துல அப்படி வேணும்னே வச்சாங்கங்கறதுக்கு ஆதாரம் இல்ல. போட்டோவுல நாலாவது வரிசையில ஒரு இலைக்கு காம்பு எதிர்ப்பக்கம் இருக்கே, அது தத்துவம் இல்ல, ராத்திரி பதினொரு மணிக்குத் தைச்சது, ஓரப்பட்டை அடிக்கறப்பதான் கண்ணுலயே பட்டுச்சு.