எக்ஸ்ரேயில் இதயம் பெரிது, எக்கோவில் நார்மல்: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு வயது 64. பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு இருக்கிறது. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுத்து, இதயம் பெரிதாகியிருக்கிறது என்றார்கள். எக்கோ எனும் இதய ஸ்கேனிலோ பம்பிங் 62 சதவீதம், நார்மல் என்று வந்திருக்கிறது. “எனக்கு ஒன்றுமில்லை, இனி மாத்திரை வேண்டாம்” என்கிறார் ஆத்தா. நிறுத்தலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: நிறுத்தவே கூடாது. நீங்கள் அனுப்பிய எக்கோ தாளில் பம்பிங்கைத் தாண்டி இன்னொரு எண்ணையும் பாருங்கள். இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் தடிமன் 13 மில்லிமீட்டர். பெண்களுக்கு அது 9-ஐத் தாண்டக் கூடாது.

உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளியதில், மூட்டை தூக்குபவரின் தோளைப்போல இடது கீழறையின் தசை தடித்திருக்கிறது. தோளுக்கு அது பலம். இதயத்துக்கு அது கேடு, ஏனென்றால் தடித்த சுவர் விறைத்துப்போகிறது. சுருங்கும் வேலை நன்றாகவே நடப்பதால்தான் 62 சதவீதம் காட்டுகிறது. தளர்ந்து ரத்தத்தை உள்வாங்குவதில்தான் சிக்கல். தாளில் ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேடு 1’ என்று இருப்பது இதைத்தான். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று ஆத்தாவிடம் கேளுங்கள். ‘வயதாகிவிட்டது’ என்று பலரும் ஒதுக்கிவிடும் அறிகுறி அது.

எக்ஸ்ரே காட்டுவது இதயத்தின் நிழலை மட்டுமே. படுக்கையில் முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் அந்த நிழல் இயல்பைவிடப் பெரிதாக விழும். சுவர் உட்புறமாகத் தடிக்கும்போது நிழல் மாறாமலே இருப்பதும் உண்டு. அதனால் எக்கோவை நம்புங்கள், ஆனால் முழுவதும் படித்து நம்புங்கள்.

அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் இந்தத் தடிப்பு குறையக்கூடியது. நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பொதுவாக 130/80-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்போம். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகை மருந்துகள் தடிப்பைக் குறைக்க நன்றாக உதவுகின்றன. ஆத்தாவுக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து அவருடைய மருத்துவர் முடிவு செய்வார். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். குழம்பில் குறைத்துவிட்டு, உப்புக்கண்டமும் மோர் மிளகாயும் ஊறுகாயும் தட்டில் வைத்தால் கணக்கு தவறிவிடும்.

படுத்தால் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தாறுமாறான படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்த எக்கோவுக்கு அவசரமில்லை. தசை இளைக்க மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டு கழித்து எடுக்கும்போது இந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள், 13 எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.