அப்பாவின் சம்மதம் ஏன் ஒட்டவில்லை?

உங்கள் கதையின் முடிவில் அப்பாவின் சம்மதம் ஒட்டவில்லை, வசனத்தை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வசனத்தை மாற்றிப் பயனில்லை. மகள் இன்னொரு பெண்ணைக் காதலிப்பதை உங்கள் மும்பை மாட்டுங்கா அப்பா கடைசி அத்தியாயத்தில் திடீரென ஏற்பது ஒட்டவில்லை என்றால், அதற்கு முன் அவர் எதற்குப் பயந்தார் என்பது கதையில் இல்லை என்று அர்த்தம்.

கோபம் மட்டும் இருக்கிறது. கோபத்துக்கு அடியில் என்ன? குடியிருப்பு சொசைட்டி கூட்டத்தில் தலை குனிய வேண்டுமே என்பதா, தனக்குப் பிறகு மகளுக்கு யார் துணை என்பதா? இரண்டும் வேறு வேறு அப்பாக்கள். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். மகள் இல்லாத ஒரு காட்சியில் அவரைத் தனியாக எழுதுங்கள். அங்கே அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றால் சிக்கல் அதுதான். அப்புறம், முழுச் சம்மதமே தேவையில்லை. இத்தனை நாள் மகளின் காதலியை "அந்தப் பொண்ணு" என்றவர், ஒருநாள் பெயர் சொல்லி "காபி குடிச்சியாம்மா?" என்று கேட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை: முடிவில் பதிவுத் திருமணம் வைக்காதீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு 2018இல் தன்பாலின உறவைக் குற்றமற்றதாக்கியது. ஆனால் தன்பாலினத் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்கவில்லை.