கல் தூசியும் விடாத இருமலும்: எந்த மாஸ்க் வாங்குவது?

கேள்வி: வயது 38. மேலூர் பக்கம் கிரானைட் பட்டறையில் 14 வருடமாகக் கட்டிங், பாலிஷ் வேலை. ஒரு வருடமாக வறட்டு இருமல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளியில் கிருமி இல்லை என்றாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி மாத்திரை 6 மாதம் கொடுத்தார்கள். குறையவில்லை. எந்த மாஸ்க் நல்லது?

பதில்: மாஸ்க்குக்கு முன்னால் நோய் எதுவென்று தெரிய வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிலிகோசிஸாக (கல் தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய்) இருக்குமோ என்று சோதித்தே ஆக வேண்டும். கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், 5 மைக்ரானுக்கும் சிறிய பொடியாக நுரையீரலின் காற்றுப்பைவரை போய்த் தங்குகிறது. அதை விழுங்க வரும் செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாகிறது. வெள்ளைக் கல்லில் குவார்ட்ஸ் கூடுதல், கறுப்புக் கல்லில் குறைவு. இந்தத் தழும்பு பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் விழும். டிபியும் அங்கேதான் பிடிக்கும். எக்ஸ்ரேயில் குழப்பம் வருவது இதனால்தான். ஆனால் சிலிகோசிஸ் உள்ளவருக்கு டிபி எளிதில் தொற்றும் என்பதால் அதையும் ஒதுக்கிவிட முடியாது.

மதுரையில் தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ அரசு ராஜாஜி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ போங்கள். பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். என்ன கல், என்ன மெஷின், எத்தனை வருடம் என்பதை நீங்களாகவே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சுத் திறனை அளப்பது), சளிக்கு சிபிநாட் (டிபி கிருமியைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை), தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். விழுந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. அதனால் தூசியிலிருந்து விலகுவதுதான் முதல் வைத்தியம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள்.

பட்டறையில் தூசியை அடக்குவது தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே நிமிடத்துக்கு அரை லிட்டராவது விழ வேண்டும். தரையை நனைப்பதால் பயனில்லை. சாதாரணக் கரண்ட் கிரைண்டரில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்கும். தண்ணீர் இணைப்போடு வரும் வெட் பாலிஷரோ கம்ப்ரசர் காற்றில் ஓடும் கிரைண்டரோ வேண்டும். கரண்ட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். கல் சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள், விளக்குமாறு வேண்டாம். சட்டையைக் கம்ப்ரசர் காற்றில் ஊதித் தட்டும் பழக்கம் மிக மோசமானது. அந்தப் பொடி நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றுங்கள்.

இதற்குப் பிறகுதான் மாஸ்க். துண்டு, சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் இந்தப் பொடியைத் தடுக்காது. குறைந்தது என்95, ஃபில்டர் மாற்றக்கூடிய ரப்பர் மாஸ்க் இன்னும் நல்லது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். நனைந்தாலோ மூச்சிழுக்கச் சிரமமானாலோ மாற்றிவிடுங்கள்.

சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்நோய், இழப்பீடு உண்டு. இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் கோரிக்கை அந்த வழியாகத்தான் போக வேண்டும். இல்லையென்றால் முதலாளியிடமிருந்து பெற வேண்டும். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகல்களை இப்போதே சேர்த்து வையுங்கள்.