மாயாஜாலமும் சிரிப்பும்: கேள்வி பதில்

குடும்பத்தோடு பார்க்கத்தக்க நகைச்சுவை மாயாஜாலப் படங்கள் குறித்து டர்பன் வட்டாரத்து அன்பர்கள் கேட்டவையும் என் விடைகளும்.

சாட்ஸ்வர்த் அன்பர்: 'தி பிரின்சஸ் பிரைடு' படத்தை என் மகனும் என் மாமனாரும் ஒன்றாக உட்கார்ந்து ரசிக்கிறார்கள். எட்டு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே படம் எப்படி ஒத்துப்போகிறது, ஐயா?

பதில்: ராப் ரைனர் 1987இல் இயக்கிய அப்படம், உடல்நலமின்றிப் படுத்திருக்கும் பேரனுக்குத் தாத்தா கதை வாசிப்பதாக அமைந்தது. கதாநாயகியைக் கடலில் கொடிய விலாங்குகள் சூழும் நேரத்தில் தாத்தா வாசிப்பை நிறுத்தி, இப்போது அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடுகிறார். பேரனோ தனக்குப் பயமே இல்லை என்று சாதித்துவிட்டு, கொஞ்சம் கவலைதான் என்று பிறகு இறங்கி வருகிறான். ராட்சதன் வரும் கட்டத்தில் நம் வீட்டு ஆயாக்களும் இப்படித்தானே கதையை நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்? உங்கள் மகன் அந்தப் பேரனோடும், மாமனார் அந்தத் தாத்தாவோடும் சேர்ந்துகொள்கிறார்கள்.

டொங்காட் அன்பர்: எல்லாவற்றையும் கேலி செய்தால் சாகசத்தின் விறுவிறுப்பு குறைந்துவிடாதா?

பதில்: ஆபத்தையே கேலி செய்தால் குறையும், பல புதிய படங்கள் சறுக்குவது அங்கேதான். இப்படத்தின் பாறை உச்சி வாட்சண்டையில் இருவரும் இடக்கையால் மோதுகிறார்கள். தோற்கும் நிலை வந்ததும் ஒருவன், தான் இடக்கைக்காரனே அல்லன் என்று வாளை வலக்கைக்கு மாற்றுகிறான். சற்று நேரத்தில் மற்றவனும் அதையே சொல்லி மாற்றுகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் வாளின் வேகம் துளியும் தளரவில்லை, ஏனெனில் அந்த நடிகர்கள் இரு கைகளாலும் வீசப் பயின்று பெரும்பகுதியைத் தாமே நடித்தார்கள்.

பீனிக்ஸ் அன்பர்: ஐந்து வயது மகளுக்குக் காட்டலாமா?

பதில்: இன்னும் இரண்டு மூன்று ஆண்டு பொறுங்கள். பேரெலியும் வதைக்கூடமும் அந்த வயதுக்கு அதிகம்.

சாட்ஸ்வர்த் அன்பர்: தமிழ் புரியாத பிள்ளைகளோடு ஆயாவும் பார்க்க ஒரு படம் சொல்லுங்களேன்.

பதில்: 1957இல் கே. வி. ரெட்டி இயக்கிய 'மாயா பஜார்'. கறுப்பு வெள்ளை என்று பிள்ளைகள் முணுமுணுத்தால், முதலில் 'கல்யாண சமையல் சாதம்' காட்சியை மட்டும் போடுங்கள். எஸ். வி. ரங்காராவின் கடோத்கஜன் அமர்ந்திருக்க, லட்டுகள் தாமாகவே எழும்பிப் பறந்து அவன் வாய்க்குள் போகும். அதற்கு எந்த மொழியும் தேவையில்லை. பாட்டின் பொருளை ஆயா சொல்லிக்கொள்வார்.