வாசகர் கேள்வி: பாஸ்வேர்டு கேட்கும் முன்பே கோப்பு போய்விடுமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். குலசேகரம், கருங்கல் பக்கத்து வாடிக்கையாளர்கள் கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் டிசைன்களை எங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலுள்ள செர்வ்-யூ என்ற கோப்புப் பரிமாற்ற சாஃப்ட்வேரில் பிரவுசர் வழியாக ஏற்றுகிறார்கள். ஆளுக்கொரு ஃபோல்டர், பாஸ்வேர்டு. 15.4.2 ஹாட்ஃபிக்ஸ் 1 (அவசரத் திருத்தம்) பதிப்பு. பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் கோப்புகளைப் படிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உண்மைதான். உங்கள் பதிப்பில் அந்த ஓட்டை இருக்கிறது. முதல் வேலையாக, ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிட்டிருக்கும் போர்ட்களை (வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வழிகளை) மூடுங்கள். பெரும்பாலும் 80, 443. டிசைன்கள் இரண்டு நாள் மெயிலில் வரட்டும்.

கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று பொருள். நாலைந்து முறை அடுக்கினால் சி டிரைவின் உச்சிக்குப் போய், அங்கிருந்து எந்த ஃபோல்டருக்குள்ளும் இறங்கலாம். செர்வ்-யூ இதைச் சோதிக்காமல் இல்லை. ஆனால் விண்டோஸில் பின்சாய்கோட்டை (\) மட்டும் பார்த்தது. முன்சாய்கோட்டோடு (/) வந்ததை விட்டுவிட்டு, அதன்பிறகு தானே அதைப் பின்சாய்கோடாக மாற்றிக் கோப்பைத் திறந்தது. லினக்ஸில் இதுவே தலைகீழ். மாற்றிய பிறகு சோதித்திருந்தால் ஓட்டையே இல்லை. லாகினுக்கு முன்பே நடப்பதால் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமானாலும் காப்பாற்றாது.

சாஃப்ட்வேர் ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2024-28995. 2024 ஜூனில் செர்வ்-யூவின் தயாரிப்பாளரான சோலார்விண்ட்ஸ் ஹாட்ஃபிக்ஸ் 2 வெளியிட்டு அடைத்தது. தாக்குதலில் பயன்படுகிறது என்று ஜூலையிலேயே அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா தன் பட்டியலில் சேர்த்துவிட்டது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஹாட்ஃபிக்ஸ் 2 போதும் என்று நிற்கவும் வேண்டாம். பிறகும் வேறு ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. இப்போதுள்ள புதிய பதிப்பையே போடுங்கள்.

அப்டேட் செய்யுமுன், யார் வந்து என்ன கேட்டார்கள் என்று செர்வ்-யூ பதிந்துவைக்கும் லாக் கோப்புகளை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அவற்றில் 'இன்டர்னல்டிர்', 'இன்டர்னல்ஃபைல்' என்ற ஆங்கிலச் சொற்களோடு இரண்டு புள்ளிகளும் சேர்ந்து வந்திருந்தால் யாரோ முயன்றிருக்கிறார்கள். லாக் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பி நிம்மதியாகிவிட முடியாது. லாக் எழுதும் வசதி அணைந்தும் இருந்திருக்கலாம்.

இந்த ஓட்டையால் கோப்பைப் படிக்கத்தான் முடியும். அழிக்கவோ மாற்றவோ முடியாது. ஆனால் செட்டிங்ஸ் கோப்பும் படிக்கக் கிடைக்கும் என்பதால், அப்டேட் முடிந்த பிறகு எல்லா வாடிக்கையாளர் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். முன்பே மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

கடைசியாக, விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் செர்வ்-யூவைத் திறந்து 'லாக் ஆன்' பக்கத்தைப் பாருங்கள். லோக்கல் சிஸ்டம் (கம்ப்யூட்டரில் முழு அதிகாரமுள்ள கணக்கு) என்றிருந்தால், செர்வ்-யூ ஃபோல்டருக்கும் டிசைன் ஃபோல்டர்களுக்கும் மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். ஜிஎஸ்டி கணக்கு, வாடிக்கையாளர் ஆதார் நகல் எல்லாம் இதே கம்ப்யூட்டரில் இருந்தால், இன்றே வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.